பாடக்குறிப்புகள்: இலவசமாகக் கிடைப்பவை எவை, எதை நம்பலாம், சட்டம் சொல்வது என்ன?

தேர்வுக் காலம் நெருங்கும்போது மாணவர்கள் அதிகம் தேடுவது பாடக்குறிப்புகளையே. பள்ளி மாணவருக்கு அத்தியாயச் சுருக்கம், கல்லூரி மாணவருக்கு அலகுவாரியான விளக்கம், போட்டித் தேர்வர்களுக்குத் தலைப்புவாரியான தொகுப்பு எனத் தேவை பலவிதமாக இருக்கிறது. நகலகங்களில் கட்டுக்கட்டாக விற்கப்படும் தாள்களும், கைப்பேசிக் குழுக்களில் பகிரப்படும் பிடிஎஃப் கோப்புகளும், பயிற்சி மையங்கள் அச்சிட்டுத் தரும் தொகுதிகளும் இத்தேவையை நிறைவு செய்கின்றன.

இவற்றில் பலவற்றை எழுதியவர் யார், எந்த ஆண்டுப் பாடத்திட்டத்தின்படி எழுதினார் என்பது தெரிவதில்லை. அதே வேளையில், பொதுப் பணத்தில் வல்லுநர்களைக் கொண்டு தயாரிக்கப்பட்ட பாட வளங்கள் ஏறத்தாழ எல்லாத் துறைகளுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பயிற்சி மையத்திற்குப் பணம் செலுத்த இயலாத குடும்பத்தைச் சேர்ந்த மாணவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. அவ்வளங்கள் எவை, குறிப்புகளின் நம்பகத்தன்மையை எவ்வாறு சரிபார்ப்பது, நகலெடுப்பதற்கும் விற்பதற்கும் சட்டம் வகுத்துள்ள எல்லை எது என்பன குறித்த விவரங்கள் வருமாறு.

பள்ளி மாணவர்களுக்கு

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகமான என்சிஇஆர்டி 1961-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஒன்று முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அது வெளியிடும் பாடநூல்கள் அனைத்தையும் அதன் இணையதளத்திலிருந்து அத்தியாயம் அத்தியாயமாகக் கட்டணமின்றிப் பதிவிறக்கம் செய்யலாம். ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளில் அவை உள்ளன. கணிதம், அறிவியல் பாடங்களுக்குப் பாடநூலைவிடச் சற்றுக் கடினமான வினாக்களைக் கொண்ட 'எக்ஸெம்ப்ளர்' பயிற்சி நூல்களும் அதே தளத்தில் கிடைக்கின்றன. நீட், ஜேஇஇ தேர்வுகளுக்குத் தயாராவோர் விலை கொடுத்து வாங்கும் வினாத் தொகுப்புகளுக்கு முன்னதாக இந்நூல்களை முடிப்பது நல்லது எனப் பல ஆசிரியர்கள் அறிவுறுத்துவது வழக்கம்.

2017 செப்டம்பர் 5-ஆம் தேதி ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்ட தீக்ஷா தளம், மாநிலக் கல்வி வாரியங்களின் பாட வளங்களையும் ஒரே இடத்தில் தருகிறது. பாடநூலில் அச்சிடப்பட்டுள்ள க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் வருடினால், அந்தப் பாடத்திற்குரிய காணொலி, விளக்கம், பயிற்சி வினா ஆகியவை திறக்கும். இணைய வசதி குறைவாக உள்ள பகுதிகளுக்காக, 2020-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பிஎம் இ-வித்யா திட்டத்தின்கீழ் 'ஒரு வகுப்புக்கு ஒரு அலைவரிசை' என்ற முறையில் கல்வித் தொலைக்காட்சிகள் செயல்படுகின்றன.

தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் 1989-ஆம் ஆண்டு தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற பெயரில் உருவானது. ஆசிரியர் உதவியின்றித் தாமே படிப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்பதே அதன் பாடநூல்களின் சிறப்பு. ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் சிறு வினாக்களும், பாடத்தின் இறுதியில் அவற்றிற்கான விடைகளும் இருக்கும். குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராவோரும் இந்நிறுவனத்தின் வரலாறு, பண்பாட்டுப் பாடங்களைப் படிக்கின்றனர்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ, மாதிரி வினாத்தாள்களையும் மதிப்பெண் வழங்கும் முறையையும் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது. ஒரு விடையில் எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பது அதில் குறிப்பிடப்பட்டிருக்கும். தேர்வு நோக்கில் பார்த்தால், 'முக்கிய வினாக்கள்' என்ற பெயரில் சுற்றில் விடப்படும் தாள்களைவிட இது நம்பகமானது.

கல்லூரி மாணவர்களுக்கு

உயர்கல்விக்கான முதன்மைத் தளம் ஸ்வயம். 2017 ஜூலை 9-ஆம் தேதி தொடங்கப்பட்ட இத்தளத்தின் ஒவ்வொரு பாடமும் காணொலி விரிவுரை, படித்தற்குரிய எழுத்து வளம், தன்மதிப்பீட்டுத் தேர்வு, ஐயம் தெளியும் கலந்துரையாடல் என நான்கு கூறுகளைக் கொண்டது. இவற்றுள் எழுத்து வளமே பாடக்குறிப்பாகப் பயன்படுகிறது. படிப்பதற்குக் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் பயின்று அதற்கான மதிப்பீட்டுப் புள்ளிகளைப் பெற உயர்கல்வி நிறுவனங்கள் அனுமதிக்கலாம்.

பொறியியல் மாணவர்களிடையே நன்கு அறியப்பட்டது என்பிடெல். மும்பை, தில்லி, குவாஹாட்டி, கான்பூர், கரக்பூர், சென்னை, ரூர்க்கி ஆகிய ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து இதனை உருவாக்கின. விரிவுரைகளின் எழுத்து வடிவமும் கிடைப்பதால், காணொலி பார்க்கப் போதிய இணைய வேகம் இல்லாதவர்களும் அவற்றைப் பதிவிறக்கிப் படிக்க முடிகிறது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் பல பாடங்களின் மொழிபெயர்ப்புகள் வெளியாகியுள்ளன.

முதுநிலை மாணவர்களுக்கென மானியக் குழு உருவாக்கிய இ-பிஜி பாடசாலா, சமூக அறிவியல், கலை, மொழி, இயற்கை அறிவியல் உள்ளிட்ட ஏறத்தாழ 70 பாடங்களுக்கு அலகுவாரியான கட்டுரைகளைத் தருகிறது. யுஜிசி-நெட் தேர்வுக்கும் இது பயன்படும். 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தனது அச்சுப் பாடத் தொகுதிகளை இ-ஞான்கோஷ் என்ற தளத்தில் வைத்துள்ளது. அரசியல், பொருளாதாரம், சமூகவியல், வரலாறு, இலக்கியம், வணிகவியல் ஆகிய பாடங்களுக்குச் சந்தையில் விற்கப்படும் பல குறிப்புகளின் மூலம் இத்தொகுதிகளே என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பவர் அறியலாம்.

கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் பராமரிக்கும் இந்தியத் தேசிய மின்னணு நூலகம் 2018 ஜூன் 19-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பல களஞ்சியங்களில் சிதறிக் கிடக்கும் நூல்கள், கட்டுரைகள், வினாத்தாள்கள், விரிவுரைகள் ஆகியவற்றை ஒரே தேடலில் இது காட்டுகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கான களஞ்சியம் சோத்கங்கா. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அதனை நடத்துகிறது.

ஆய்விதழ்களுக்காக மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ஆம் தேதி 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பட்ட இத்திட்டத்தின்கீழ், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்கலாம். மாவட்டத் தலைநகரிலோ சிற்றூரிலோ உள்ள அரசுக் கல்லூரி மாணவருக்கு, முன்பு பெரும் நிறுவனங்களுக்கு மட்டுமே எட்டிய ஆய்விதழ்கள் இதன்மூலம் எட்டக்கூடியவை ஆகியுள்ளன. தனியார் கல்லூரிகள் இதன் முதற்கட்டத்தில் இடம்பெறவில்லை.

தொழிற்படிப்பும் போட்டித் தேர்வும்

சட்ட மாணவர்களுக்கு மூல ஆவணங்களே தலைசிறந்த குறிப்புகள். மத்தியச் சட்டங்களின் நடப்பு வடிவம் 'இந்தியா கோட்' தளத்தில் உள்ளது. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரப்பூர்வத் தீர்ப்புத் தொகுப்பை மின்னணு வடிவில் கட்டணமின்றித் தரும் இ-எஸ்சிஆர் சேவை 2023 ஜனவரியில் தொடங்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தீர்ப்புகளின் தமிழாக்கமும் வெளியிடப்படுகிறது.

பட்டயக் கணக்காளர் படிப்பில் சேர்ந்தவர்களுக்கான பாடநூல்கள், திருத்தத் தேர்வுத் தாள்கள், முந்தைய தேர்வுகளின் பரிந்துரை விடைகள் ஆகியவற்றை இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமே தனது தளத்தில் வெளியிடுகிறது. பொறியியல் பட்டயம், பட்டப் படிப்புக்கான நூல்களை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இந்திய மொழிகளில் தயாரித்து இ-கும்ப் தளத்தில் வைத்துள்ளது. அவற்றில் தமிழும் ஒன்று.

நுழைவுத் தேர்வுகளுக்காகக் கல்வி அமைச்சகமும் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து 2023-ஆம் ஆண்டு தொடங்கிய 'சாத்தி' தளத்தில் காணொலி வகுப்புகளும் மாதிரித் தேர்வுகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தனது தளத்தில் வெளியிட்டு வருகிறது.

தமிழ்வழி மாணவர்களுக்கு

தமிழ்நாட்டுப் பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடும் பள்ளிப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மின்னூல்களாகக் கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்து நீட் போன்ற அகில இந்தியத் தேர்வுகளை எழுதுவோர், இந்நூலின் தமிழ்க் கலைச்சொல்லையும் என்சிஇஆர்டி நூலின் ஆங்கிலக் கலைச்சொல்லையும் அருகருகே எழுதிவைத்துக்கொள்வது பயன் தரும். தேர்வு வினாத்தாளின் தமிழாக்கத்தில் வேறொரு கலைச்சொல் பயன்படுத்தப்பட்டிருந்தால், ஆங்கிலச் சொல் குழப்பத்தைத் தீர்க்க உதவும்.

பழைய இலக்கியம், இலக்கணம், வரலாறு தொடர்பான மூல நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உள்ளது. உயர்கல்வி நூல்களை 22 இந்திய மொழிகளில் உருவாக்கும் நோக்கில் 'அஸ்மிதா' திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 22,000 நூல்கள் என்பது அதன் இலக்கு.

காலாவதியான குறிப்புகளால் நேரும் இழப்பு

கையிலிருந்து கைக்கு மாறும் குறிப்புகளில் உள்ள பெரிய குறைபாடு, அவற்றின் வயது. எழுதியபோது சரியாக இருந்த செய்தி, படிக்கும்போது தவறாகியிருக்கலாம். அண்மைய ஆண்டுகளில் பல துறைகளில் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன.

சட்டம்: இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாக மூன்று புதிய சட்டங்கள் 2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகளுக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவில் 358 பிரிவுகள் உள்ளன. கொலைக்கான தண்டனை 302-ஆம் பிரிவிலிருந்து 103-ஆம் பிரிவுக்கும், மோசடிக்கான 420-ஆம் பிரிவு 318(4)-க்கும் மாறியுள்ளன. அத்தேதிக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், சட்ட மாணவர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

வணிகவியல், பொருளாதாரம்: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரியின் 12, 28 விழுக்காட்டு அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் வேறு அடுக்குகளுக்கு மாற்றப்பட்டன. 5, 18 விழுக்காடுகள் முதன்மை அடுக்குகளாகவும், குறிப்பிட்ட சில பொருள்களுக்கு 40 விழுக்காடாகவும் வரி அமைப்பு மாறியது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக வரையறுக்கப்பட்டது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற பழைய இரட்டைக் கருத்துக்குப் பதிலாக 'வரி ஆண்டு' என்ற ஒரே கருத்தை அது கொண்டுள்ளது.

இயற்பியல்: பாரிஸ் அருகே வைக்கப்பட்டுள்ள பிளாட்டினம்-இரிடியம் உருளையே ஒரு கிலோகிராம் என்ற வரையறை 2019 மே 20-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. இப்போது பிளாங்க் மாறிலியின் அடிப்படையில் அது வரையறுக்கப்படுகிறது. ஆம்பியர், கெல்வின், மோல் ஆகியவற்றின் வரையறைகளும் அதே நாளில் மாறின.

வேதியியல்: நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான் ஆகிய நான்கு தனிமங்களுக்கு 2016-ஆம் ஆண்டு பெயர் சூட்டப்பட்டதால், தனிம வரிசை அட்டவணையின் ஏழாம் வரிசை 118 தனிமங்களுடன் நிறைவடைந்தது. அவற்றைத் தற்காலிகப் பெயர்களில் காட்டும் அட்டவணைகள் பழையவை.

புவியியல், குடிமையியல்: ஜம்மு-காஷ்மீர் 2019 அக்டோபர் 31-ஆம் தேதி இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டது. தாத்ரா-நாகர் ஹவேலியும் டாமன்-டையூவும் 2020 ஜனவரி 26-ஆம் தேதி ஒன்றாக இணைக்கப்பட்டன. இவற்றின் பின்னர் நாட்டில் 28 மாநிலங்களும் 8 யூனியன் பிரதேசங்களும் உள்ளன. 29 மாநிலங்கள் என்று கூறும் குறிப்பு எந்தக் காலத்தது என்பதை இதனைக் கொண்டே அறியலாம்.

பாடத்திட்ட மாற்றமும் கவனத்திற்குரியது. என்சிஇஆர்டி 2022-ஆம் ஆண்டு பாடச் சுமையைக் குறைப்பதாக அறிவித்துப் பல பகுதிகளை நீக்கியது. பத்தாம் வகுப்பு அறிவியலில் தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு, பரிணாமம் ஆகியவை அவ்வாறு நீக்கப்பட்டன. ஆனால் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் ஆவர்த்தன அட்டவணை குறித்த அறிவை எதிர்பார்க்கிறது. நீக்கப்பட்ட பகுதி தேர்வுக்குத் தேவையற்றது என்பதாலேயே கற்றலுக்கும் தேவையற்றதாகிவிடாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு. புதிய பாடத்திட்டக் கட்டமைப்பின்படி 2023 முதல் வகுப்புவாரியாகப் புதிய நூல்களும் வெளிவருவதால், நூலின் பதிப்பாண்டைப் பார்த்து வாங்குவது அவசியமாகிறது.

சட்டம் சொல்வது என்ன?

குறிப்புகளை நகலெடுப்பது குற்றமா என்ற ஐயம் மாணவர்களிடம் உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதற்கு விடை தருகிறது. ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டிற்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாள்வது பதிப்புரிமை மீறல் ஆகாது. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ படைப்பை மறுபதிப்பு செய்வதும், தேர்வு வினாக்களிலும் விடைகளிலும் அதனைப் பயன்படுத்துவதும் அவ்வாறே விலக்களிக்கப்பட்டவை.

இப்பிரிவின் பொருளைத் தெளிவாக்கியது தில்லி நகலக வழக்கு. தில்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி நகலகத்தின் மீதும் தில்லி பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012-ஆம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தன. பல நூல்களின் பகுதிகளைத் தொகுத்து, பாடத்திட்டத்திற்கேற்ற பாடக்கட்டுகளாக மாணவர்களுக்கு நகலெடுத்து விற்றது பதிப்புரிமை மீறல் என்பது பதிப்பகங்களின் வாதம்.

தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2016 செப்டம்பர் 16-ஆம் தேதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள் அமர்வு, அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், கற்பித்தலுக்கான நகலெடுப்புக்கு இத்தனை பக்கம் என்ற அளவுகோல் இல்லை என்றும், கற்பித்தல் நோக்கத்திற்கு அது தேவைதானா என்பதே கேள்வி என்றும் கூறியது. அந்த உண்மை நிலையை ஆராய வழக்கு மீண்டும் விசாரணைக்கு அனுப்பப்பட்டது. 2017 மார்ச் மாதம் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஒரு நூலின் விலை மாதச் செலவுக்கு நிகராக இருந்த மாணவர்களுக்கு இத்தீர்ப்பு பெரும் ஆறுதலாக அமைந்தது.

எனினும் அத்தீர்ப்பு அனைத்து நகலெடுப்புக்கும் உரிமம் தந்துவிடவில்லை. பாடத்திட்டத்தோடு தொடர்பின்றி முழு நூலையும் அச்சிட்டு லாபத்திற்கு விற்பது இவ்விலக்கில் அடங்காது. இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கும் என்சிஇஆர்டி நூல்களுக்கும் பதிப்புரிமை உண்டு. அனுமதியின்றித் தனது பாடநூல்களின் உள்ளடக்கத்தை வெளியிடுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அக்கழகம் 2024 ஏப்ரலில் எச்சரித்தது.

விடை விளக்க நூல்கள் குறித்துத் தில்லி உயர் நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. ஒரு கணிதப் பாடநூலின் பயிற்சிக் கணக்குகளுக்குப் படிப்படியான தீர்வுகளைத் தந்த கையேட்டிற்கு எதிராக ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் தொடர்ந்த வழக்கு அது. பாடநூலில் இல்லாத விளக்கப் படிகளைச் சேர்ப்பது வேறொரு நோக்கம் கொண்ட பயன்பாடு என்று நீதிமன்றம் கருதியது. நீதிமன்றத் தீர்ப்புகளின் மூல வாசகம் எவருக்கும் பொதுவானது என்றும், பதிப்பாளர் தமது உழைப்பாலும் தேர்ந்த அறிவாலும் சேர்க்கும் தலைக்குறிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு என்றும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி சட்ட மாணவர்களுக்குப் பயன்படும்.

பயிற்சி மையங்களும் கசிந்த வினாத்தாள்களும்

பயிற்சி மையங்களை ஒழுங்குபடுத்த மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சேர்ந்த மாணவர்களுக்குப் பாடக்குறிப்புகளையும் பிற படிப்பு வளங்களையும் தனிக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்று அவற்றில் கூறப்பட்டுள்ளது. முழுக் கட்டணம் செலுத்திய மாணவர் இடையில் விலகினால், எஞ்சிய காலத்திற்கான தொகையைப் பத்து நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. இவற்றை நடைமுறைப்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பில் உள்ளது. சேர்க்கைக்கு முன், குறிப்புகளுக்கான தொகை கட்டணத்தில் அடங்குமா என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுவது பெற்றோருக்குப் பாதுகாப்பு.

'உறுதியாக வரும் வினாக்கள்' என்ற பெயரில் சமூக ஊடகக் குழுக்களில் விற்கப்படும் கோப்புகள் மற்றொரு அபாயம். அவற்றுள் பெரும்பாலானவை வெறும் ஏமாற்று. உண்மையிலேயே கசிந்த வினாத்தாளாக இருந்தால் அது கடும் குற்றம். 2024 ஜூன் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம், வினாத்தாளைக் கசியவிடுவோருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு சிறையும் ரூ. 10 லட்சம் வரை அபராதமும் விதிக்க வகைசெய்கிறது. கூட்டாகத் திட்டமிட்டுச் செய்யும் குற்றத்திற்கு ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும் குறைந்தது ரூ. 1 கோடி அபராதமும் உண்டு. தேர்வர்கள் இச்சட்டத்தின் குற்றப் பிரிவுகளின்கீழ் வரமாட்டார்கள். ஆனால் தேர்வை நடத்தும் அமைப்பின் விதிகளின்படி அவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படலாம்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு

அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக, எந்தப் படைப்பையும் அவர்கள் அணுகக்கூடிய வடிவத்திற்கு மாற்றிக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. இதே நோக்கம் கொண்ட பன்னாட்டு மரகேஷ் உடன்படிக்கைக்கு 2014-ஆம் ஆண்டு முதன்முதலாக ஏற்புறுதி அளித்த நாடு இந்தியா. 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புத்தகாலயா என்ற இணைய நூலகம், பார்வைக் குறைபாடு உடையோருக்கு அணுகல் வடிவ நூல்களைத் தருகிறது. செவித்திறன் குறைபாடு உடையோருக்கு இந்தியச் சைகை மொழியில் பாட வளங்களைத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் உருவாக்கியுள்ளது. வகுப்பில் வழங்கப்படும் குறிப்புகள் ஒளிப்படமாக அன்றி எழுத்துரு வடிவில் இருந்தால், திரைவாசிப்பு மென்பொருள் அவற்றை உரக்கப் படித்துக் காட்டும். ஆசிரியர்களும் சக மாணவர்களும் செலவின்றிச் செய்யக்கூடிய உதவி இது.

சொந்தக் குறிப்பின் பயன்

பிறர் எழுதிய குறிப்பு எத்துணைச் சிறப்பாக இருந்தாலும், அதனை மீண்டும் மீண்டும் படிப்பது மட்டும் போதாது என்று கற்றல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஜான் டன்லாஸ்கி தலைமையிலான உளவியல் அறிஞர்கள் 2013-ஆம் ஆண்டு பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டனர். மறுவாசிப்பு, வண்ணமிட்டுக் குறித்தல் ஆகியவற்றின் பயன் குறைவு என்றும், தன்னைத்தானே தேர்வு செய்து பார்ப்பது, இடைவெளி விட்டுப் பல நாள்களில் படிப்பது ஆகிய இரண்டும் பெரும் பயன் தருபவை என்றும் அவர்கள் முடிவு செய்தனர்.

குறிப்பெடுக்கும் முறைகளுள் பெயர்பெற்றது, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பாக் வகுத்த முறை. தாளின் இடப்பக்கத்தில் குறுகிய பத்தியில் வினாக்களும் திறவுச் சொற்களும், வலப்பக்கத்தில் பாட விளக்கமும், அடியில் சில வரிகளில் சுருக்கமும் எழுதப்படும். வலப்பக்கத்தை மறைத்துவிட்டு இடப்பக்க வினாக்களுக்கு விடை சொல்லிப் பார்க்கலாம் என்பதால், குறிப்பே தன்மதிப்பீட்டுத் தேர்வாகவும் மாறிவிடுகிறது.

குறிப்பின் வடிவம் பாடத்திற்கேற்ப வேறுபடும். கணிதத்திற்குச் சூத்திரப் பட்டியலோடு, ஒவ்வொரு வகைக்கும் முழுமையாகத் தீர்க்கப்பட்ட ஒரு கணக்கும், மாணவர் தவறிய படியும் குறிக்கப்பட வேண்டும். இயற்பியலில் சூத்திரம் எந்த நிபந்தனையில் பொருந்தும் என்பதும் அலகுகளும் அவசியம். உயிரியலில் பெயரிடப்பட்ட படமும் செயல்முறையின் வரிசையும், வரலாற்றில் காலக்கோடும் காரண-விளைவுத் தொடர்பும் முதன்மை பெறும். பொருளாதாரத்தில் வரையறையோடு வரைபடமும், புள்ளிவிவரம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதும் இடம்பெற வேண்டும். சட்டத்தில் வழக்கின் உண்மைகள், எழுந்த கேள்வி, தீர்ப்பு, அதற்கான காரணம் ஆகிய நான்கும் போதும். இலக்கியத்தில் மூலத்தைப் படித்த பின்னரே திறனாய்வுக் குறிப்பை நாட வேண்டும்.

சரிபார்க்க வேண்டியவை

கைக்கு வரும் எந்தக் குறிப்பையும் பயன்படுத்துமுன் ஐந்து கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம். எழுதியவர் அல்லது வெளியிட்ட நிறுவனம் எது? எந்த ஆண்டுப் பாடத்திட்டத்திற்குரியது? நடப்புப் பாடத்திட்டத்தின் எல்லா அலகுகளும் உள்ளனவா? ஏதேனும் மூன்று தகவல்களைப் பாடநூலோடு ஒப்பிட்டால் பொருந்துகின்றனவா? பணம் கேட்கப்பட்டால், அதே வளம் அரசுத் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறதா?

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தரும் சுருக்கங்களுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். சரளமான நடையில் தவறான ஆண்டையோ இல்லாத வழக்கையோ அவை எழுதிவிடக்கூடும் என்பதால், பெயர், ஆண்டு, எண், சட்டப்பிரிவு ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிடாமல் ஏற்கலாகாது. பாடநூலை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தவருக்கே குறிப்பில் விடுபட்டது எது, பிழைபட்டது எது என்பது புலப்படும். எனவே பாடநூல், நடப்புப் பாடத்திட்டம், முந்தைய வினாத்தாள் ஆகிய மூன்றையும் முதலில் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, அவற்றுக்குத் துணையாக மட்டும் பிற குறிப்புகளைச் சேர்ப்பதே செலவும் பிழையும் குறைந்த வழியாகும்.